எருக்கஞ்செடியை இடம் மாற்றிய வாரம்

1

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எருக்கங் குடும்பத்தை மொத்தமாகத் தூக்கிக்கொண்டுபோய் அரளிக் குடும்பத்தின் அலமாரியில் குடிவைத்தேன். நாற்பது அடி தூரம், தள்ளுவண்டியில் ஏழு நடை. இங்கிலாந்துக்கு வந்து அன்றோடு பதினாறு வருடம் முடிகிறது என்பது, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைக் கொண்டாட மனைவி எலுமிச்சை சாதம் கட்டியிருந்தாள். அல்லது முதல் நாள் சாதம் மிஞ்சியிருந்தது. இரண்டில் எது என்று கேட்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

என் வேலையை ஊரில் யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. ஒரு பழைய அருங்காட்சியகத்தின் பின்கட்டில், பல நாடுகளில் பறித்துக் காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஹெர்பேரியம் என்பார்கள். தாள்கள் உறைகளுக்குள், உறைகள் குடும்பம் குடும்பமாக அலமாரிகளுக்குள். நான் அங்கே ஒட்டுகிறவன், பூச்சி விரட்டுகிறவன், சுமை தூக்குகிறவன். என் அக்கா காசியம்மா, எங்கள் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் யார் விசாரித்தாலும் "தம்பி லண்டன்ல சருகு அடுக்குது" என்கிறாள். நான் இருப்பது லண்டன் இல்லை. மற்றபடி அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

திருப்பத்தூரில் நான் தாவரவியல் படித்தபோது பூவை அறுத்துப் பார்த்துத்தான் குடும்பம் சொல்வோம். இதழ் எத்தனை, கேசரம் எத்தனை, சூலகம் மேலா கீழா. எல்லாவற்றையும் உருப்போட்டு முதல் வகுப்பில் தேறினேன். பிறகு மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வித்தை வந்தது. இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி அரைத்தால் போதும். ஒரு சுவடியைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தால் அங்கங்கே பிழை விழும் அல்லவா? இரண்டு பிரதிகளில், பல இடங்களில், ஒரே பிழைகள் இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். செடிகளின் வம்சாவளியையும் ஏறக்குறைய இப்படித்தான் தேடினார்கள். தேடியதில் பல வீடுகள் கலகலத்துப்போயின.

தேக்கும் நொச்சியும் துளசி வீட்டுக்குப் போய்விட்டன. கீழாநெல்லியும் பெருநெல்லியும் ஆமணக்கு வீட்டிலிருந்து வெளியேறித் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. இங்கே என் தெருவில் நிற்கும் மேப்பிள் மரம், நம் மலையில் தலைக்குத் தேய்க்கும் பூந்திக்கொட்டை மரத்தின் சொந்தக்காரன். எருக்கின் கதை இன்னும் நன்றாக இருக்கும். அது மகரந்தத்தைத் தூளாகத் தூவாமல் பொட்டலம் கட்டிப் பூச்சியின் காலில் மாட்டிவிடும். அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துத் தனிக் குடும்பம் என்று மரியாதை கொடுத்தார்கள். உள்ளே பார்த்தால், அது அரளிக் குடும்பத்திலேயே பிறந்த பிள்ளை. பெரிய உத்தியோகத்துக்குப் போன பிள்ளையை வேறு வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிட்டோம்.

எங்கள் அருங்காட்சியகத்தில் இதெல்லாம் தெரிந்தும் இத்தனை வருடம் அலமாரிகளை மாற்றவில்லை. ஆளில்லை. இப்போது நான் இருக்கிறேன். எந்தப் பதில்களை எழுதி முதல் வகுப்பு வாங்கினேனோ, அவற்றைத் தப்பு என்று அடுக்கிக்காட்டச் சம்பளம் வாங்குகிறேன். படிப்புக்கு ஏற்ற வேலை அமைவது எல்லோருக்கும் வாய்க்காது.

2

எலுமிச்சை சாதம் பாதியில் இருக்கும்போது அக்கா மகன் ஏழுமலை கூப்பிட்டான். ஜமுனாமரத்தூரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

"மாமா, அந்த டி.என்.ஏ. கிட்டு ரெண்டு அனுப்புங்க. எச்சி துப்பி அனுப்புவாங்களே, அது."

"யாருக்குடா?"

"எனக்கு ஒண்ணு. காவேரிக்கு ஒண்ணு."

காவேரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். இருவரும் மூன்று வருடமாகப் பழகுகிறார்கள் என்பது எனக்கே தெரியும் என்றால், மலையில் தெரியாதவர் கிடையாது. சாதி, வசதி, படிப்பு, எதிலும் தடையில்லை. ஒன்றே ஒன்றுதான் தடை: இரண்டு வீடும் பங்காளிகள். ஊர் எல்லையில் ஒரு சாமிக்கல் இருக்கிறது; அதன் ஒரே பக்கம் பானை வைப்பவர்கள் பங்காளிகள், எதிர்ப்பக்கம் வைப்பவர்கள் மாமன் மச்சான்கள். வருடா வருடம் அதன் ஒரே பக்கத்தில், அக்கா வீட்டுக்காரர் கோவிந்தனின் பொங்கல் பானையும், காவேரியின் அப்பா சாமிக்கண்ணுவின் பானையும் ஒட்டி ஒட்டி நிற்கும். இவர் அண்ணன், அவர் தம்பி. அண்ணன் தம்பி பிள்ளைகள் எங்கள் கணக்கில் கூடப்பிறந்தவர்கள். அங்கே கல்யாணப் பேச்சை வாயால் சொல்லவே கூசும்.

இந்த விஷயங்களில் முடிவு சொல்கிறவரைப் பெரியதனம் என்று அழைப்பார்கள். பெரியதனம் முடியாது என்று சொல்லிவிட்டார். காவேரிக்குத் திருப்பத்தூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்தாயிற்று; இந்த வருடம் சாமி கும்பிடும் நாள் முடிந்ததும் அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் ஒரே ஒருமுறை பேசிப்பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

"தாய்மாமன் வந்து சொல்லட்டும்னு பெரியதனம் சொல்லிட்டாரு. அதான் கிட்டு கேட்டேன். கையில ரிசல்ட்டு இருந்தா அப்பால யாரு பேசுவா?"

"எச்சில்ல பங்காளி தெரியாதுடா. அந்த மலையில எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில சொந்தம்தான்."

"செடிக்கு மட்டும் தெரியுதாக்கும்?"

"செடிக்குச் சாமி கிடையாது."

கிட்டுப் பேச்சை அதோடு விட்டான். பிறகு சொன்னான்: "மாமா, நீங்க படிச்சவரு. ஏதாவது சொல்லி ரெண்டு வூட்டையும் பிரிச்சு வுடுங்க."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு நம்பிக்கையோடு எதையும் கேட்டதில்லை. அப்போதே பயந்திருக்க வேண்டும்.

3

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். விஷயத்தைச் சொன்னதும் முதலில் கேட்டாள்: "ஏழுமலை எனக்கு யாரு?"

"அத்தை பையன்."

"காவேரி?"

"அவங்க பங்காளின்னா ஒண்ணு. இல்லன்னா வேற."

"அப்பா, ரெண்டு பேரும் கசின்ஸ். அவ்ளோதான்."

அவள் பேசும் மொழியில் எல்லோரும் கசின். எங்கள் துறையில் இரண்டு சாதி ஆட்கள் உண்டு: கிடைப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்ப்பவர்கள், ஒரு மயிரிழை வித்தியாசத்துக்காகப் பிரிப்பவர்கள். ஆங்கிலம் சேர்க்கும் கட்சி. எங்கள் மலை பிரிக்கும் கட்சி. நான் நடுவில் தள்ளுவண்டியோடு நிற்கிறேன்.

எனக்கே இந்த நாட்டில் எந்தக் குடும்பம் என்பது தெளிவாகவில்லை. வந்த புதிதில் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு அப்பா பெயரை எழுதினேன். பதினாறு வருடமாக நகராட்சியின் குப்பைத் தொட்டி அறிவிப்புகள் செத்துப்போன என் அப்பாவுக்குத்தான் வருகின்றன. மனைவியின் குடும்பப் பெயர் அவள் அப்பா பெயர், மகளின் குடும்பப் பெயர் என் பெயர். விமான நிலையத்தில் மூன்று கடவுச்சீட்டையும் வாங்கிப் பார்த்த அதிகாரி, நீங்கள் மூவரும் எப்படி உறவு என்று கேட்டார். உள்ளே பார்த்தால் தெரியும் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டதால்தான் இன்னும் இந்த நாட்டில் இருக்கிறேன்.

4

அந்த வாரக் கடைசியில் பேச்சு நடந்தது. அக்கா வீட்டு முற்றத்தில் பெரியதனம், கோவிந்தன், சாமிக்கண்ணு, இன்னும் நான்கைந்து பேர். ஏழுமலை போனை ஒலிபெருக்கியில் போட்டு ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் வைத்தான். நான் இங்கே சமையலறையில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் சட்டை தெரியாது.

முன்னே யோசித்து வைத்திருந்தேன். வெளித்தோற்றத்தை வைத்து உறவைச் சொல்லக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் பானை வைத்ததால் மட்டும் பங்காளி ஆகிவிடாது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு எடுத்துக்காட்டு வேண்டும். எனக்கு அந்த வாரம் முழுவதும் கையில் இருந்தது எருக்கு.

விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். எருக்கு வேறு, அரளி வேறு என்று எல்லோரும் எண்ணியது, பூவின் வித்தியாசம், பொட்டலம் கட்டுவது, இலைத்துணுக்கை அரைத்தது, கடைசியில் இரண்டும் ஒரே வீடு என்று தெரிந்தது.

பெரியதனம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப பார்த்தா வேற வேற மாதிரி இருக்கும். உள்ள போய்ப் பார்த்தா அண்ணன் தம்பி. அதானே சொல்றீங்கோ?"

"ஆமாங்க. ஆனா—"

"நான் சொன்னதும் அதாங்க. உங்க சயின்ஸும் அதையே சொல்லிடுச்சி. நல்லதாப் போச்சி."

அந்தப் பக்கம் பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் கழித்து ஏழுமலை தனியாகக் கூப்பிட்டான். கோபமாகக்கூட இல்லை.

"இன்னா மாமா, பிரிக்கிற கதை சொல்லச் சொன்னா சேர்க்கிற கதையச் சொல்லிட்டீங்களே. கீழாநெல்லி தனியாப் போச்சின்னு முன்ன ஒரு நாள் சொன்னீங்களே. அதச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அக்கா போனைப் பிடுங்கி, "நீ சருகையே அடுக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

5

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் வாழ்க்கைக்குக் குறுக்கே, ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து நானாகப் போய் ஒரு கட்டையைப் போட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"மாமா, காவேரி பேசறேங்க."

பங்காளி வீட்டுப் பெண்ணானாலும் அவளுக்கு நான் மாமா. அக்கா வீட்டுக்கு மருமகளாக வந்தாலும் மாமா. இந்த விவகாரத்தில் வகைப்பாடு மாறாத ஒரே உயிர் நான்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை.

"உங்க எருக்கு கதை எனக்குப் புடிச்சிருந்துது. ஒண்ணு கேக்கணும். மேல தெரியறத வுட்டுட்டு, உள்ள ஒரு அடையாளம் தேடினாங்க இல்ல? அது ஏமாத்தாதுன்னு எப்பிடித் தெரியும்?"

"ஏமாத்தறது கஷ்டம். பூ பூச்சிக்காக மாறும், இலை வெயிலுக்காக மாறும். உள்ள விழுற பிழையில பெரும்பாலானது எதுக்காகவும் விழறது இல்ல. சும்மா வழிவழியா வர்றது."

"அப்ப நம்ப மலையில அது தீட்டுதான் மாமா."

எனக்குப் புரியவில்லை.

"சாமிய யாரு வேணா கும்பிடலாம். பானைய யாரு பக்கத்துலயும் வெக்கலாம். சாவுத்தீட்ட யாராவது ஆசைப்பட்டு இழுத்துப்பாங்களா? பங்காளி மட்டும்தான் காப்பாங்க. காரியம் முடியற வரைக்கும் தலைக்கு எண்ணெ வெக்க மாட்டாங்க, வூட்ல நல்லது செய்ய மாட்டாங்க."

அவளிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. அவளுக்குக் கைக்குழந்தையில் காது குத்தியபோது எடுத்தது. மூலையில் சிவப்பு எழுத்தில் தேதி விழுந்திருக்கிறது. அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் ஏழுமலையின் தாத்தா, அதாவது கோவிந்தனின் அப்பா, இறந்துபோனதாக அவள் அம்மாவுக்கு ஞாபகம். பங்காளியாக இருந்தால் அந்த வீட்டில் காதுகுத்து நடந்திருக்கவே முடியாது.

"போட்டோ அனுப்பறேன். பின்னாடி இலையில உக்காந்து சாப்பிடறது யாருன்னு பாருங்க."

பார்த்தேன். மீசை கறுப்பாக இருந்தது. மற்றபடி பெரியதனமேதான். வாய் நிறையச் சோறு.

அந்தத் தாத்தா காதுகுத்துக்கு ஐந்து நாள் முன்பு இறந்தார் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். ஏழுமலை ஒரு அலுவலகத்துக்குப் போனான். எந்த அலுவலகம் என்று எழுதி அவனுக்கு இன்னும் நாலு நடை வைக்க விரும்பவில்லை. முதல் நாள் செத்தவரின் ஆதார் எண் கேட்டார்கள். ஆதார் வருவதற்கு முன்பே செத்துவிட்டார் என்றான். இரண்டாம் நாள் ரேஷன் அட்டையில் பச்சை என்றும் பதிவேட்டில் பச்சையப்பன் என்றும் இருக்கிறதே, இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு நாளைக்கு முப்பது முறை கேட்கிறோம் என்பதால் நான் மட்டும் அந்த எழுத்தரைத் திட்டவில்லை. நான்காம் நாள் காவேரி சுகாதார நிலையத்துச் சீருடையிலேயே கூடப் போனாள். சான்றிதழ் வந்தது. சாவுக்கும் காதுகுத்துக்கும் நடுவில் ஐந்து நாள்தான்.

6

இரண்டாவது பேச்சில், கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்று அக்கா எனக்கு உத்தரவு போட்டிருந்தாள்.

பெரியதனம் புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "சோறு தின்னது நான்தான். அன்னிக்கு எங்கப்பன் பெரியதனம். தீட்டுன்னா என்னைப் போக வுட்டிருக்க மாட்டாரு." அப்போது இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, பின்னால் வந்தவர்கள் பானையை மட்டும் பார்த்தார்கள் என்றார். "அப்ப எதுக்குய்யா ஒரே பக்கம் பானை வெச்சீங்க?" என்று சாமிக்கண்ணுவைக் கேட்டார்.

சாமிக்கண்ணு மெதுவாகச் சொன்னார். அவர் தாத்தா மலையின் அந்தச் சரிவிலிருந்து, படவேடு தெரிகிற பக்கத்திலிருந்து, புளி உலுக்க வந்தவராம். இங்கே அவருக்கென்று சாமிக்கல் இல்லை. "அண்ணனோட தாத்தாதான், எம்பானை பக்கத்துல வெய்யிடான்னாராம். எங்கப்பா சொல்லியிருக்காரு. நான் அத யாருக்கும் சொன்னதில்ல."

"லண்டன்காரர் இன்னா சொல்றாரு?" என்று பெரியதனம் கேட்டார்.

அல்லியையும் தாமரையையும் சொன்னேன். இரண்டும் ஒரே குளத்தில் நிற்பதால் இலையும் பூவும் ஒரே சாயலில் இருக்கின்றன. நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். உள்ளே பார்த்ததில் உறவு வெகுதூரம்.

"தாமரைக்கு அப்ப யாரு சொந்தம்?"

"இங்க எங்க ஊர் ரோட்டோரத்துல நிக்கிற ஒரு பெரிய மரங்க."

கொஞ்சம் யோசித்தார். "உங்க ஊர்ல எல்லாம் அப்பிடித்தான்" என்று என்னை முடித்துவிட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: பங்காளி இல்லை. பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். ஆனால் சாமி கும்பிடும் நாளில், ஊர் பார்க்க, சாமிக்கண்ணு தன் அடுப்பைக் கல்லின் அந்தப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எவனாவது மறுபடி ஆரம்பிப்பான்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சாமிக்கண்ணு மட்டும் எழவில்லை.

"என்னால முடியாதுங்க."

அவர் குரல் போனுக்கு மிக அருகில் கேட்டது. "அவரோட தாத்தா இடம் குடுத்தாரு. மூணு தலமொறையா அண்ணன்னு கூப்பிட்டோம். பொண்ணு கல்யாணத்துக்காக அண்ணன் இல்லன்னு சொல்லிட்டுப் பானையத் தூக்கிக்கிட்டுப் போறதா?"

காவேரியும் அங்கேதான் இருந்தாள். சான்றிதழ், புகைப்படம், தாமரை எல்லாவற்றையும் தாண்டி வந்து, கடைசியில் விஷயம் ஒரு மனிதனின் நன்றியுணர்ச்சியில் முட்டி நின்றது.

நான் அக்காவின் உத்தரவை மீறினேன்.

"சாமிக்கண்ணு, எங்க வேலையில ஒரு பழக்கம் இருக்கு. செடிய வேற வூட்டுக்கு மாத்தும்போது பழைய பேர் எழுதின சீட்டைக் கிழிக்க மாட்டோம். அதுக்குப் பக்கத்துலயே புதுச் சீட்டை ஒட்டுவோம். நூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தர் தப்பா எழுதினதுகூட அப்படியே இருக்கும். யாரு எங்க வெச்சிருந்தாங்க, யாரு எடம் குடுத்தாங்க, எல்லாம் அதே தாள்ல இருக்கும்."

"கிழிக்க மாட்டீங்களா?"

"கிழிச்சா எனக்கு வேலை போயிடும்."

ஏழுமலை அழைப்பைத் துண்டித்துவிட்டான். சாமி கும்பிடும் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் சாமிக்கண்ணு வேலைக்குப் போனார், வந்தார், வாயைத் திறக்கவில்லை என்று தகவல்.

7

அன்று சனிக்கிழமை. இங்கே காலை, அங்கே உச்சிவெயில். கல்லுக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்று இருக்கிறது; அதிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாழினி கிண்ணத்தில் பாலும் சோளப் பொரியுமாக வந்து, யாரும் கூப்பிடாமலே என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டாள்.

கல்லின் ஒரே பக்கத்தில் இரண்டு அடுப்புகள் தெரிந்தன. கோவிந்தன் தன் பானைக்குத் தீ மூட்டிவிட்டார். சாமிக்கண்ணுவின் பானை காலியாக இருந்தது. அவர் அதன்முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெரியதனம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் நகர்த்தலன்னா?" என்று யாழினி கேட்டாள்.

"திருப்பத்தூர்லேர்ந்து நாளைக்கு ஆள் வருவாங்க."

அவள் பிறகு சாப்பிடவில்லை.

சாமிக்கண்ணு எழுந்தார். அடுப்புக்கல் ஒன்றைத் தூக்கினார். சாமிக்கல்லைச் சுற்றிக்கொண்டுபோய் அந்தப் பக்கம் வைத்தார். திரும்பி வந்து இரண்டாவது. மூன்றாவது கல் கொஞ்சம் பெரியது. ஒருவரும் உதவிக்குப் போகவில்லை, போகக்கூடாது போலிருக்கிறது. கடைசியில் பானையை எடுத்து மூன்றின் மேலும் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கோவிந்தனும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பிக்குள் எங்கள் மலையில் கேலி கிடையாது, மரியாதைதான். மாமன் மச்சான் என்றால் கேலி செய்யாமல் இருக்கக் கூடாது. இந்த மனிதர் பிறந்ததிலிருந்து சாமிக்கண்ணுவை ஒரு வார்த்தை கிண்டல் செய்ததில்லை. விறகைத் தள்ளிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"இன்னா மச்சான், மூணு கல்லு தூக்கறதுக்குள்ளயே இப்பிடி மூச்சு வாங்குது. இந்த லட்சணத்துல உன் வூட்ல எவன் பொண்ணு எடுப்பான்?"

சாமிக்கண்ணு, யாரைச் சொல்கிறார் என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு நாய்தான் இருந்தது. மெதுவாகத் திரும்பினார். உதடு இரண்டு முறை அசைந்தது. அண்ணே என்றுதான் வரப்பார்த்தது போல.

"நீ உன் பானையப் பாரு மாமா" என்றார். "நேத்து வெச்சதாட்டம் இருக்குது. நான் இப்பப் பத்தவெச்சி உனக்கு முந்தி பொங்க வெக்கறேன்."

பெரியதனம் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். அதன்பிறகு எல்லோரும் சிரித்தார்கள். காவேரி ஓடிவந்து அப்பாவின் அடுப்பில் குனிந்து ஊதத் தொடங்கினாள். எங்களுக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது; ஆனால் படம் ஒரேயடியாக ஆடிக்கொண்டிருந்தது.

"போனை நேராப் பிடிக்கச் சொல்லுங்க அப்பா" என்றாள் யாழினி.

பிடித்திருந்தவன் ஏழுமலை. நான் சொல்லவில்லை.